வலிக்கு எத்தனை மார்க்?

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடட்டும் சேட்டா?"

"பூஜ்ஜியம் போடுங்க சிஸ்டர்."

நர்ஸ் ஜோமோள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பத்து நிமிடம் முன்புதான் இந்தச் சென்னிமலை, துண்டை வாயில் திணித்துக்கொண்டு கட்டில் கம்பியை உடைக்காத குறையாகப் பிடித்திருந்தார்.

அவருக்குக் கஞ்சிக்கோடு இரும்பாலையில் உலை வேலை. சிறுநீரகக் கல் எடுத்தபோது சிறுநீர்க் குழாயில் வைத்த ஸ்டென்ட் டியூப்பை இன்று வெளியே எடுத்தாகிவிட்டது.

"துண்டுல பல்லுத்தடம் இருக்கு. பூஜ்ஜியமா?"

"ஆமாங்க."

"சேட்டா, இங்க ரெண்டு கருவி இருக்கு. ஒண்ணு நேரான ஸ்டீல். இன்னொண்ணு வளையறது, புதுசு. எது வலி கம்மின்னு பார்க்கத்தான் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒண்ணுல எடுக்கறோம். உங்களுக்கு வந்தது ஸ்டீல்."

"தெரியுமுங்க."

"ஆம்பளைங்க எல்லாம் இப்படி வீரம் காட்டினா, ஸ்டீலே போதும்னு புதுசைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் வர்றவங்க கதி?"

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். பாதி திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய பச்சச் சட்டை போட்டு உக்காந்திருக்காரே, ஈஸ்வரன். எந் தங்கச்சி ஊட்டுக்காரருங்க. அவரும் எங்கூட உலையிலதான். அவருக்கும் கல்லு."

"அவருக்கென்ன?"

"ஆறு வாரத்துல எடுக்க வேண்டிய டியூப்புங்க. ஆறு மாசமாச்சு. ரெண்டு தடவை ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டு, பயந்து ஓடிப்போயிட்டாரு. இனியும் உள்ள கெடந்தா கிட்னியே போயிரும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. 'நான் முன்னால போறேன், வலிச்சுதுன்னா நீங்க வர வேண்டாம் மாப்ள'ன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

ஜோமோள் மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தாள்.

"அப்போ பேப்பர்ல என்ன போட?"

"பேப்பர்ல உள்ளதைப் போடுங்க. பத்துக்குப் பத்து. வாயில மட்டும் பூஜ்ஜியம்னு சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

ஐந்து வருட சர்வீஸில் அவள் நோயாளியிடம் பொய் சொன்னதில்லை. தாளில் பத்து என்று எழுதினாள். எழுந்து கதவருகே போய், வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "சென்னிமலை, பூஜ்ஜியம்!" என்றாள்.

சென்னிமலை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த சில நிமிடத்தில் பச்சைச் சட்டை தானாகவே உள்ளே வந்தது. கையெழுத்துப் போட்டது. சீட்டு எடுத்தது.

வளையும் கருவி. நாலே நிமிடத்தில் ஸ்டென்ட் வெளியே வந்துவிட்டது. ஈஸ்வரன் ரெண்டு மார்க் கொடுத்தார்.

ஜோமோளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொய்யில் ஒரு கிட்னியைக் காப்பாற்றிவிட்டாளே!

"பார்த்தீங்களா? உங்க மச்சான் சொன்னதை நம்பி வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

ஈஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அவரு சொன்னதை ஆருங்க நம்புனா? வெளிய வந்தவரு பெஞ்சுல உக்காரக்கூட முடியலைங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, 'ஒண்ணுமே தெரியல மாப்ள'ன்னு சிரிக்கறாரு. எனக்கோசரம் அத்தனை வலியைத் தின்னுட்டு நிக்கற மனுசனை உட்டுப்போட்டு, எப்படிங்க சிஸ்டர் ஓடறது?"