செமிசி சொன்ன பதில்

“உன் அண்ணன் ஒரு பொய்யன்” என்றாள் லூபே, துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும்.

கராஜில் துதி பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷன் செமிசியைப் புதைத்துவிட்டு வந்து இன்னும் ஒருவரும் டீகூடக் குடிக்கவில்லை.

கொழுந்தன் ஹெனெலே சொன்னது இவ்வளவுதான்: நெஞ்சுவலி இல்லை என்று டாக்டரிடம் அண்ணன் சொல்லியிருக்க மாட்டான், கிளினிக்கில் இருக்கிற மிஷின்தான் தப்பாக எழுதியிருக்கும், புகார் கொடுக்க வேண்டும்.

“மிஷின் மேல பழி போடாத. டாக்டர் கேட்டிருக்காங்க, உன் அண்ணன் இல்லைன்னு சொல்லியிருக்கான். வலிக்குதுன்னு சொன்னா ஆம்பளைக்கு மரியாதை கொறைஞ்சிடுமாம்.”

“மண்ணுகூட இன்னும் காயல, அண்ணி.”

“காயட்டும். காஞ்ச பிறகும் சொல்லுவேன்.”

தோங்கா வழக்கப்படி இடுப்பில் சுற்றியிருந்த துக்கப் பாயை இறுக்கிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இதையெல்லாம் கராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் டாக்டர் பிலிப்பா.

தோங்காத் தீவிலிருந்து வந்தவர்கள் வாழும் மாங்கெரே புறநகரில் அந்தத் தெருவுக்கே அவர்தான் டாக்டர். கிளினிக்கில் போன குளிர்காலத்தில்தான் அந்த ஏஐ மிஷின் வந்தது. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு அதுவே குறிப்பு எழுதிவிடும். டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். திரையையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இப்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நேரம் மிச்சமாகிறது என்று மேனேஜர் கிரெக் இன்னும் நிறையப் பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அப்புறம் படித்துப் பார்க்க நேரம் ஏது?

செமிசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். சர்க்கரை நோய்க்காரன். காலில் புண் என்று பிலிப்பாவிடம் வந்து போனான். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை தோளெல்லாம் இறுக்குகிறது என்று விடுமுறை நாள் கிளினிக்குக்குத் தனியாகப் போனான். அங்கிருந்த இளம் டாக்டர், கால் புண்ணுக்குப் போன அன்று எழுதிய குறிப்பைத் திறந்து பார்த்தார். நெஞ்சுவலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை என்றிருந்தது. பெட்டி தூக்கியதில் சதை பிடித்திருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். லூபே துப்புரவு வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவன் சோபாவில் சாய்ந்தபடி இறந்து கிடந்தான்.

துக்க வீட்டுக்குப் போகவே வேண்டாம் என்று பிலிப்பாவிடம் சொன்னார் கிரெக். போனாலும் வருத்தம் தெரிவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள், குறிப்பு நம் பக்கம் இருக்கிறது என்றார்.

பிலிப்பாவைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. நாற்காலி போட்டார்கள். செமிசியின் அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்ன பண்ணுவீங்க, அவன் சொல்லியிருந்தால்தானே என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். லூபே தட்டுகளில் சேப்பங்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“லூபே, செமிசி பொய் சொல்லல.”

அவள் கை நின்றது. முகம் திரும்பவில்லை.

“நெஞ்சு இறுக்குதான்னு கேட்டேன். அவர் வாயைத் திறக்கல. ரெண்டு புருவத்தையும் தூக்கினார்.”

தோங்காக்காரர் வீட்டில் புருவம் தூக்கினால் ஆமாம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

“இத்தனை வருஷமா உங்களோட இருக்கேன், எனக்குத் தெரியாதா? பார்த்தேன், லூபே. அந்த மிஷினுக்குக் காது மட்டும்தான். சத்தம் வரல, இல்லைன்னு எழுதிடுச்சு. பேச்சு கால் புண்ணுக்குப் போச்சு. முன்னெல்லாம் நானே எழுதுவேன். எழுதுறப்ப கை நின்னு யோசிக்கும். அன்னைக்கு நான் எழுதல. படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

லூபே நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அடி விழும் என்றே பிலிப்பா நினைத்தார். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

“வெளிய வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என் மேல நானே புகாரும் எழுதப் போறேன்.”

“எழுதாதீங்க.”

“ஏன்?”

“இந்தத் தெருவுக்கு எத்தனை டாக்டர் வந்தாங்க, யார் நின்னாங்க? எம் பொண்ணு நெஞ்சுல கோளாறுன்னு கண்டுபிடிச்சது நீங்க. அவளுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஊசி போடணும். நீங்களும் போயிட்டா கிரெக் கதவைப் பூட்டிட்டுப் போயிடுவான். செத்தவருக்கு டாக்டர் தேவையில்லை.”

“அதுக்காக அவர் பேரைக் கெடுக்கணுமா? இதுவரைக்கும் உங்களுக்கு விஷயம் தெரியாது, கோபத்துல பேசிட்டீங்க. இனிமேலும் எப்படி...”

லூபே கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

“உங்களைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு, டாக்டர். ‘நெஞ்சு விஷயத்தை அவங்ககிட்ட சொல்லிட்டேன், இனிமே அவங்க பார்த்துப்பாங்க’ன்னு. ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாத் தூங்கினாரு.”