பரிசத் தட்டில் பஞ்சுக்குச்சி

“மருந்துக்கு அடங்காத கிருமியைத் தோல்ல வச்சுக்கிட்டு எங்க வீட்டுல விளக்கேத்த வரலாமா?”

மாப்பிள்ளையின் அம்மா கோமதி கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கதவைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். பரிசத்துக்கு முன் பெண்ணின் உள்ளங்கையில் பஞ்சுக்குச்சியை ஒற்றுவதுதானே இப்போதைய சம்பிரதாயம்! கிருமி இருந்தால் சிவக்கும் குச்சி சிவந்துவிட்டது.

“போன வருஷம் மாமாவை எங்க வார்டுல வச்சுப் பார்த்தப்போ ஒட்டினது அத்தை,” என்றாள் மணப்பெண்ணான நர்ஸ் பூரணவல்லி. “கழுவினா போகாது.”

பிழைத்து வந்த அந்த மாமா, மாப்பிள்ளையின் அப்பா, வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் போயிடுச்சுல்ல, உனக்கு மட்டும் ஏன் போகல?”

பூரணவல்லி மாப்பிள்ளையைப் பார்த்தாள்; அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

ஐப்பசியில் அவருக்குத் தூத்துக்குடிப் பெண்ணோடு கல்யாணம். பூரணவல்லி ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கே போய்விட்டாள். அங்கே யாரும் யார் கையையும் சோதிப்பதில்லையாம்.