மாப்பிள்ளை போட்ட பக்கம்

ஸ்கேன் சென்டர் முதலாளி, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தங்கை கணவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். சர்வரில் இருக்கும் ரிப்போர்ட்டுகளை பிரவுசரிலேயே பார்க்கவும் அழிக்கவும் உதவும் பக்கம் காலையிலிருந்து திறக்கவில்லை.

"எப்பவும் பாஸ்வேர்டுகூடக் கேக்காம திறக்கும், மாப்ளே. இன்னிக்கு வெறும் வெள்ளையா நிக்குது."

"நேத்து சர்வரை அப்டேட் பண்ணினேன்ல, மச்சான். இந்தப் பக்கத்தோட புரோகிராம் பழசு, ஒத்துக்கல."

மாப்பிள்ளை அதில் இரண்டு வரிகளைத் திருத்தினார். பக்கம் திறந்தது.

"இப்பத்தான் உயிர் வந்துச்சு. நீங்க போட்டுக் குடுத்த பக்கம் இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"நான் போட்டதா? நீங்க வேற யாரையோ வெச்சுப் போட்டதுன்னுல்ல நெனச்சேன்."

"நான் யாரையும் கூப்பிடலியே."

மாப்பிள்ளை அவசரமாகப் பக்கத்தைப் புதுப்பித்தார். ரிப்போர்ட்டுகளில் பாதியைக் காணோம்.

"காலையிலேர்ந்து நம்மள மாதிரியே இதைத் திருட்டுத்தனமா உள்ள வெச்சவனும் காத்துட்டு இருந்திருக்கான், மச்சான்."