சாவுக்கு வந்தவர்

மழித்த தலையில் வெயில் சுரீரென்று இறங்கியது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போரை நிறுத்து. இந்தச் சாவு வீண்.

சிவப்பு மை. அவசரமே இல்லாமல் பெரிது பெரிதாக எழுதிய எழுத்து.

வாசலில் அண்ணன் பெட்டிக்குள் கிடந்தான். பெட்டியின் மேல் தேசியக் கொடி. சுற்றிலும் துப்பாக்கியோடு பட்டாளத்துப் பையன்கள். எல்லையில் குண்டு பட்டு இன்றோடு மூன்று நாள். மலைராசன், வயது இருபத்தாறு என்று தெரு முழுக்கப் போஸ்டர். எல்லாவற்றிலும் சிரித்துத் தொலைக்கிறான்.

பலகையைப் பிடித்திருந்தவர் கோட்டைச்சாமி, ரிட்டயரான தபால்காரர். குடிதண்ணீர் வரவில்லையா, பலகை. தெருவில் மதுக்கடை வருகிறதா, பலகை. தன்னந்தனியாக நிற்பார். “என்ன சார், இன்னைக்கு யாரு மேல கோவம்?” என்று அவனே எத்தனையோ நாள் கேலி பண்ணியிருக்கிறான்.

இன்றைக்கு அந்தக் கையை முறித்துப் போடலாம் போலிருந்தது.

பட்டாளத்துக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை அண்ணனிடம் கொண்டுவந்து கொடுத்ததே இந்த ஆள்தான். அன்றைக்கு அம்மா கிண்டிய கேசரியை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றார். தின்ற கைதான் இப்போது பலகை பிடிக்கிறது. நன்றி கெட்ட மனுசன்.

இன்ஸ்பெக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“நூறு மீட்டர் தள்ளி நிக்கச் சொன்னோம், நிக்கிறாரு. கோஷம் கீஷம் போடல. நாங்களாப் பிடிச்சா நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க தம்பி. வீட்டாளுக ஒரு புகார் எழுதிக் குடுங்க. அப்புறம் நான் பாத்துக்கிறேன்.”

எழுதினான். நாடு, தியாகம், அவமரியாதை என்று வாயில் வந்ததையெல்லாம் எழுதினான். என் அண்ணனை ஒருத்தனும் வீண் என்று சொல்லக் கூடாது. எழுத நினைத்தது அவ்வளவுதான். அதை மட்டும் எழுத வரவில்லை.

கையெழுத்துப் போட்டபோது நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

“காரியத்தப் பாருங்க. முடிச்சுட்டுக் குடுங்க போதும்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

காகிதத்தை நாலாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டான்.

பெட்டியைத் தூக்கும்போதுதான் அம்மா அதன் மேல் விழுந்தாள். அதுவரை ஒரு சொட்டு அழாதவள்.

“வீணாப் போயிட்டியே ராசா! வீணாக் குடுத்துட்டேனே என் புள்ளைய!”



கலெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். துப்பாக்கிப் பையன்கள் நேரே பார்த்தபடி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

அம்மா விடவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அதையே சொன்னாள். வீண், வீண், வீண்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகை இருந்த பக்கம் அவள் திரும்பவுமில்லை.

அவளை யார் நூறு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது?



சுடுகாட்டில் துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்தன. கருவேல மரத்துக் கொக்குகள் மொத்தமாக எழும்பிப் போயின. கொடியை மடித்து அவன் கையில் கொடுத்தார்கள். அதை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றினான். உடைத்தான். கொள்ளி வைத்தான்.

“திரும்பிப் பாக்காமப் போப்பா,” என்றார் மாமா.

திரும்பிப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. பார்க்காமல் நடந்தான்.

கண்மாய்ப் படித்துறையில் அந்தப் பலகை சாத்தியிருந்தது. எழுத்து தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சட்டை, பிழிந்து போட்டபடி.

இடுப்பளவு தண்ணீரில் கோட்டைச்சாமி நின்றார். தலை முழுகி எழுந்தார். மறுபடி முழுகினார்.

இழவு வீட்டுக்குப் போனவன் தலை முழுகாமல் தன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். இந்த ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவர் எதற்கு?

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“நீங்க எதுக்குய்யா குளிக்கிறீங்க? நீங்க என்ன, சாவுக்கா வந்தீங்க?”

அவர் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு பார்த்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

“பின்ன, வேற எதுக்குப்பா வந்தேன்?”

எதிர்த்துப் பேசுகிற தொனி இல்லை. மனுசனுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை.

பின்னால் மாமாவும் பங்காளிகளும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். மேலே கரையில் ஜீப் வந்து நின்றது.

“தம்பி, அந்தப் புகாரு?” இன்ஸ்பெக்டர் கையை நீட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மடியில் காகிதம் உறுத்தியது. நாலு படி ஏறினால் போதும்.

அவன் கீழே இறங்கினான். முழங்கால் நனைந்தது. பிறகு இடுப்பு.

கோட்டைச்சாமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“தம்பி, பேப்பர் நனைஞ்சிரும்!”

மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினான்.