நீலமாகாத புழுக்கள்

"நீங்க தட்டை மாத்தவே இல்லை, சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறை. வானமாமலை தோல் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு வருடம் முன்பு, எண்பத்தேழில், அவரும் எதிரே வந்து நின்ற ஷ்யாமளாவும் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"இன்னும் அந்தப் புழுவைத்தான் பாக்கியா?"

"ஆமா. சாயம் போட்டா புழுவை நீலமாக்கற அதே ஜீனை மறுபடி ஊசியால ஏத்தினேன். நமக்கு அன்னிக்கு வந்த மாதிரியேதான் வந்தது. ஒரு தட்டுல புழு நல்ல நீலம். இன்னொரு தட்டுல சாயமே ஏறலை. ஆனா வெளுத்த புழுவுக்குள்ளேயும் ஜீன் இருக்கு."

"பொறவு ஏன் வேலை செய்யலை?"

"போய் உட்கார்ந்த இடம் அப்படி. குரோமோசோம்ல ஒரு இடத்துல விழுந்தா நன்னா வேலை செய்யறது. இன்னொரு இடத்துல விழுந்தா ஊமையாக் கிடக்கறது. ஆறு புழுவோட சந்ததியை வளர்த்துப் பார்த்துட்டேன். ஆறும் ஆறு மாதிரி."

அன்று ஜீன் ஏற்றியும் நீலமாகாத தட்டை ஆய்வுத் தலைவர் நம்பவில்லை. ஜீன் ஏற்றாத புழுக்களின் தட்டு கலந்துவிட்டது, யார் செய்த வேலை என்று கேட்டார். தான்தான் கவனமில்லாமல் மாற்றிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் வானமாமலை. மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள்.

சந்தோஷப்படுவார் என்று எண்ணித்தான் ஷ்யாமளா வந்திருந்தாள். அவரோ மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ யாருமே மாத்தலையா?"

"யாரும் மாத்தலை."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை."

அவர் பசை காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தலைவர்கிட்டச் சொன்னேன். வருத்தப்பட்டார். ஆனா உங்க வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு, இனிமே சேர வயசும் தாண்டிடுத்துன்னுட்டார்."

"சரி."

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை, சார். பண்ணாத தப்பைப் பண்ணினேன்னு எதுக்கு எழுதிக் குடுத்தேள்? அவருக்குப் பயந்துண்டா?"

வானமாமலை கீழே வைத்த கத்தியை மறுபடி எடுத்தார்.

"நான் மாத்தலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், ஷ்யாமளா. எல்லாத் தட்டுலயும் லேபிள் ஒட்டினது நீ. நீதான் மாத்தி ஒட்டிட்டேன்னு நெனச்சேன்."