பக்கத்து இடம்

“நடுவில நில்லும் தங்கச்சி. ஓரத்தில ஆளை நிப்பாட்டிப் படமெடுக்கிறேல்லை.”

“இல்லை சுதாகரன் அண்ணை, நான் ஓரத்திலதான் நிப்பன். பக்கத்து இடம் அவருக்கு.”

இறுப்பிட்டியில் தனுசியாவின் வீட்டுச் சுவர். அவள் நின்ற பக்கம் வெறும் சுவர். மற்றப் பாதியைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தாள். சுதாகரன் கலியாண வீடுகளுக்குப் படமெடுப்பவர். அவள் கொடுத்த பழைய பிலிம் கமராவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“கறுப்பு வேண்டாம். பாதிப் படம் இருட்டாப் போகும்.”

“இருட்டாத்தான் வேணும். மேலயும் இடம் விடுங்கோ. அவர் நல்ல உயரம்.”

கண்ணருகே கொண்டுபோன கமராவைச் சுதாகரன் இறக்கினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவர் எப்ப காலமானவர்?”

தனுசியா சிரித்துவிட்டாள்.

“ஐயோ அண்ணை, அவர் பாரிசில கோப்பை கழுவுறார்! அகதிக் கேஸ் முடியேல்லை, வர ஏலாது. இந்தப் பிலிமைக் கழுவாமல், பாரிசுக்குப் போற மாமியிட்டைக் குடுத்துவிடப் போறன். அவர் அங்க நான் நிண்ட பாதிக்குக் கறுப்பைக் கட்டிப்போட்டு, இதே பிலிமில மற்றப் பாதியில தன்னை எடுப்பார். கலியாணத்துக்குப் பிறகு எங்களுக்குச் சேர்ந்து ஒரு படமும் இல்லை.”

“ஒருக்கா எடுத்த பிலிமில திருப்பி எடுக்கக் கூடாது, தெரியுமோ?”

“தெரியும். கொம்பியூட்டரில ஒட்டினாப் பொய்ப் படம், ஒரே பிலிமில ரெண்டு பேரும் விழவேணும்.”

சுதாகரன் கமராவைத் திரும்பக் கண்ணில் வைத்தார்.

“போய் எத்தினை வருசம்?”

“ஆறு.”

“அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும். அவருக்கு இப்ப தொப்பை வச்சிருக்கும்.”