குறையாத சார்ஜ்

திரையில் எண்பத்தெட்டு. மண்ணுக்குள் கிடந்தவனின் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

குழாய் பதிக்கத் தோண்டிய சுரங்கம் சரிந்து ஏழு மணி நேரம். எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் சிக்கிக்கொண்டான்.

ஆட்களின் நெஞ்சுத் துடிப்பைக் காட்ட சுரங்க வாசலில் வைத்திருந்த பெட்டியில் முதலில் அவன் நம்பர் இருட்டாகத்தான் கிடந்தது. மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் துடிப்பு வந்தது. "பொண்டாட்டி குரல் கேட்டு உசுரு திரும்பிடுச்சு" என்றார்கள். அதை நம்பித்தான் முந்நூறு அடி தள்ளி, அவன் சிக்கிய இடத்துக்கு மேலிருந்து பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தது.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மேஸ்திரி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "மேல மண்ணு மறுபடி வெடிப்பு விடுது. இன்னொருத்தனையும் பலி குடுக்க முடியாது. துடிப்பு நின்னா அந்த நிமிஷமே வண்டியை நிறுத்திடுவேன்."

சொல்லி வாய் மூடவில்லை. எண்பத்தெட்டு நூற்றுப் பதினெட்டுக்கு ஏறியது.

கடப்பாரையோடு நின்றவன் இரண்டடி பின்வாங்கினான். "கீழ இருந்து நம்ம பேச்சைக் கேக்குறான்யா!"

"கேக்கட்டும். நீ வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றார் மேஸ்திரி. ஆனால் அப்புறம் அவரும் திரைப் பக்கம் திரும்பவில்லை.

பெட்டியைக் கவனிக்கும் டெக்னீஷியனுக்கு வேறொன்று உறுத்தியது. ஆட்கள் கட்டும் நெஞ்சுப் பட்டையில் இருப்பது பொட்டளவு பேட்டரி. அதனால் கணக்குப் போடும் வேலையை எல்லாம் அது பெட்டியின் தலையில் கட்டிவிடும்.

பெட்டி பக்கத்தில் இருந்தால் பட்டை முணுமுணுத்தால் போதும். தள்ளிப் போகப் போகக் கத்த வேண்டும், சார்ஜ் கரையும். முந்நூறு அடி, நடுவில் இத்தனை மண். இந்நேரம் பட்டை செத்திருக்க வேண்டும். திரையில் சார்ஜ் தொண்ணூற்றாறு.

"செலவே இல்லாம துடிக்குதே" என்று முனகினான். செத்தவனுக்குத்தானே செலவு கிடையாது?

சட்டென்று அவனுக்குப் பொறி தட்டியது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் அங்க இல்ல. பட்டை பக்கத்துல இருந்துதான் பேசுது. தவழ்ந்து தவழ்ந்து வாசல் கிட்ட வந்துட்டாரு போல. நம்ம காலுக்குக் கீழதான் இருக்காரு!"

எழுந்து இரண்டு கையையும் வீசினான். "மேஸ்திரி! அங்க நிறுத்துங்க! வண்டியை இங்க திருப்புங்க!"

தூரத்தில் பொக்லைனின் கை பாதியில் நின்றது.

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தாறு.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "வேணாம் தம்பி. நிறுத்தாதே. அங்கயே தோண்டச் சொல்லு."

"அக்கா, சொன்னா கேளுங்க. பட்டை இங்கதான் இருக்கு. மிஷின் பொய் சொல்லாது."

அவள் சால்வைக்குள் கைவிட்டுத் தன் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"காலைல இதை வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டாரு. பட்டைதான் தம்பி இங்க இருக்கு. அவரு அங்க இருக்காரு."